இரண்டாவது பூட்டு

மார்ச் 4

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று இந்த முறை எழுதப் போவதில்லை. நான் எப்படி இருப்பேன் என்று உனக்குத் தெரியும். நீ எப்படி இருக்கிறாய் என்பது நேற்று போனிலேயே எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. பாதியில் போனை வைத்தது நான்தான். லைன் ஒன்றும் கட்டாகவில்லை. இனிமேல் எழுது. கடிதத்தில் கத்தினால் தாள்தான் கிழியும், என் காது பிழைத்துக்கொள்ளும்.

என்ன நடந்தது என்று கேட்டாய். சொல்ல ஆரம்பித்தால் நீ கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். ஒரே தடவைதான் சொல்வேன்.

சோப்பு ஃபேக்டரியில் கலவைத் தொட்டி இருக்கிறதே, நீ ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்றாயே, அதன் அடியில் தேய்ந்துபோன தகட்டை மாற்ற உன் அத்தான் உள்ளே இறங்கியிருந்தார். நெட்டை அண்ணன் மேலே நின்று சாமான் எடுத்துக் கொடுத்தார். நம் சின்னவள் என் வயிற்றில் வருவதற்கு முன்பிருந்தே அவர்கள் இருவரும் ஜோடி வேலைதான். மெயின் சுவிட்சை இறக்கி, கைப்பிடியில் பூட்டைப் போட்டு, சாவியை நெட்டை அண்ணன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தகடு மாட்டியாயிற்று. இருவரும் வெளியே வந்தார்கள். நெட்டை அண்ணன் கை கழுவப் போனார். ஸ்பானர் ஒன்று உள்ளேயே கிடப்பது அப்போதுதான் உன் அத்தானுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. திரும்ப இறங்கிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஃபோர்மேன் "இன்னுமா முடியல?" என்று சத்தம் போட, நெட்டை அண்ணன் ஈரக் கையோடு வந்து பூட்டைத் திறந்து சுவிட்சை ஏற்றினார். உன் அத்தான் குழாயடியில் இருப்பதாகத்தான் அவர் நினைத்தார்.

தொட்டிக்குள் கலக்குகிற துடுப்பு சுற்ற ஆரம்பித்தது. மீதியை எழுதக் கை வரவில்லை.

நீ சொன்னபடி தொழிற்சாலை ஆய்வாளரிடம் என்னால் சொல்ல முடியாது. ஃபோர்மேன் வேலை யாருக்கு என்பதில் இருவருக்கும் பகை இருந்தது, வேண்டுமென்றே செய்திருப்பார் என்று சொல்ல வேண்டுமாம். பகை எங்கே இருந்தது? ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, இருவரும் ஒரே தப்பான ராகத்தில் பாடுவார்கள். பகை என்றால் அதைக் கேட்டவர்களுக்குத்தான் இருந்திருக்கும்.

நீ வர முடியாமல் போனது எனக்குக் குறையில்லை. நடுக்கடலில் இருக்கிறவன் என்ன செய்வான்? இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது எழுதி உனக்குத் தெரிய வேண்டாம். பெட்டியைத் தூக்கும்போது தலைமாட்டில் உன் இடம் காலியாக இருந்தது. நெட்டை அண்ணன் வாசலுக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "உள்ள வாங்கண்ணா, தோள் கொடுங்க" என்று நான்தான் கூப்பிட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து தையல் கடைக்குப் போகிறேன். பள்ளிக்கூடச் சட்டைகள் குவிந்து கிடக்கின்றன, பட்டன் துளைக்குக் காஜா எடுக்க ஆளில்லையாம். எனக்காக ஜெபம் செய். செய்ய மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

உன் அக்கா


மார்ச் 21

அக்கா,

என் இடத்தில் அவனை நிற்க வைத்தாயா?

அந்த வரியைப் படித்தபோது கையில் கத்தி இருந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டு மேல்தளத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று கப்பலில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு தாமதம். கேப்டன் வந்து கிழி கிழி என்று கிழித்தார். வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டேன். பார், நானும் சாந்தகுணம் ஆகிவிட்டேன்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு யார் இருந்தார்கள்? எனக்கு முதன்முதலில் சவரம் செய்யக் கற்றுக்கொடுத்தது அத்தான். கண்ணாடி முன்னால் என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "மெதுவாடா, முகம் உன்னோடதுதான், எதிரியோடது இல்ல" என்பார். அந்த மனிதரைக் கடைசியாகத் தூக்கிப் போக என் தோள் இல்லை. அதற்குப் பதில் அவரைக் கொன்றவன் தோள். உனக்கு இது எப்படித் தோன்றியது? யார் சொல்லித் தோன்றியது? போதகர் சொன்னாரா?

சின்ன வயதில் உனக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தது நான்தான். யார் அழுத்தினாலும் அமுங்குவாய், கையை எடுத்தால் பழையபடி இருப்பாய். அப்போது விளையாட்டாக இருந்தது. இப்போது எரிச்சலாக இருக்கிறது. குட்டக் குட்டக் குனிகிறவளும் முட்டாள், அக்கா.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். சாந்தகுணமுள்ளவர்களுக்குத்தான் பூமி என்று சபையிலும் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் சொல்கிறார்களே, உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். அத்தானை விடச் சாந்தமான ஆளை நீ பார்த்திருக்கிறாயா? வாயில்லாப் பூச்சி. அவருக்கு எவ்வளவு பூமி கிடைத்தது? ஆறடி.

ஒப்பந்தம் முடியாமல் இறங்க முடியாது. முடிந்திருந்தால் நானே வந்து அந்த நெட்டையனைச் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். நீ கேட்க மாட்டாய். நீ அவனுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பாய்.

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பேன் என்றாயே, தோற்றுவிட்டாய். நெட்டை அண்ணன் வீட்டில் தண்ணீர் கொடுத்தது அவர் மனைவி. நான்தான் உட்கார்ந்தேன்.

அவள் தையல் கடைக்கே வந்துவிட்டாள். "அக்கா, அவர் சாப்பிட மாட்டேங்கறார். அன்னைக்குப் போட்ட சட்டையைக் கழட்ட மாட்டேங்கறார். நீங்க ஒரு தடவை வந்து திட்டிட்டுப் போங்க. திட்டினாலாவது அழுவார்" என்றாள். திட்டுவதற்கு ஆள் வேண்டும் என்று கூப்பிடுகிறார்கள், போகாமல் இருக்க முடியுமா? போனேன். வழியெல்லாம் உண்மையாகவே திட்டத்தான் வார்த்தை தேடிக்கொண்டு போனேன். உனக்குத் தெரியாது, எனக்கு வசவு நிறையத் தெரியும். ஆனால் அந்த உயரமான மனிதர் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருக்கிற சந்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். நானும் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரிடம் ஒன்று கேட்டேன். அது உனக்கும் தெரிய வேண்டும்.

ஃபேக்டரிச் சுவரில் ஒரு போர்டு இருக்கிறது. ஒரு மெஷினில் இரண்டு பேர் வேலை செய்தால் சுவிட்சில் இரண்டு பூட்டு. ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு சாவி. உள்ளே இருக்கிறவன் வெளியே வந்து தன் பூட்டைத் தானே எடுக்கும் வரை யாராலும் சுவிட்சை ஏற்ற முடியாது. இவ்வளவு நல்ல விதியை ஏன் விட்டார்கள்? "அவன்தான் வேண்டாம்னான்மா" என்றார் நெட்டை அண்ணன். "நீ பூட்டின மேல நானும் பூட்டினா, உன்னை நம்பலைன்னுல்ல ஆகும்னு சொன்னான். எனக்குப் பெருமையா இருந்துச்சு." இவர்கள் இருவரையும் பார்த்து மற்ற ஃபிட்டர்களும் ஒரே பூட்டுக்கு வந்துவிட்டார்கள். ஜோடி ஒற்றுமை என்று அதற்குப் பெயர் வேறு. ஃபோர்மேனுக்குத் தெரியும். ஒரு பூட்டு என்றால் வேலை சீக்கிரம் முடியும், அதனால் கண்டுகொள்ளவில்லை.

தம்பி, உன் அத்தான் மனிதனை நம்பினார், அதில் தப்பில்லை. ஆனால் நம்பினால் பூட்டுப் போடக் கூடாது என்று நினைத்தாரே, அதுதான் தப்பு. ஆண்டவரை நம்புகிற நான் கூட அடுப்பை அணைத்துவிட்டுத்தான் சபைக்குப் போகிறேன்.

இதை அப்படியே ஆய்வாளரிடம் சொல்லப் போகிறேன். ஒரே பூட்டு அங்கே எல்லோருக்கும் வழக்கம், மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியும், ஆரம்பித்து வைத்தது என் வீட்டுக்காரர். நெட்டை அண்ணனும் அதையே சொல்வதாக ஒத்துக்கொண்டார். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. நாலைந்து முறை போனேன். செத்தவர் பெயரைக் கெடுக்கிறேன் என்று நீ குதிப்பாய். குதி. அந்தத் தொட்டிக்குள் இப்போதும் ஆள் இறங்குகிறார்கள், ஒரே பூட்டோடு. அவர்களுக்கும் வீட்டில் ஆள் இருக்கிறது.

ஃபேக்டரி மேனேஜரும் கடைக்கு வந்தார். ஒரு தாளை நீட்டினார். என் வீட்டுக்காரர் யாரிடமும் சொல்லாமல் மறுபடி இறங்கினார், அதனால் விபத்து என்று டைப் அடித்திருந்தது. "இதுல பொய் ஒண்ணும் இல்லைங்க. பாதிதான் இருக்கு. மீதிப் பாதியையும் எழுதிக் கொண்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்" என்றேன். எவ்வளவோ பேசினார். நான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். பேச்சு தீர்ந்து எழுந்து போனார். ஊசி இரண்டு முறை குத்தியது. ஆனால் நகரவில்லை.

ஆறடி என்று எழுதினாயே. ஆண்டவரிடம் தினமும் அதையேதான் கேட்கிறேன். மரியாதையாகக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

அத்தான் தலையிலேயே பழியைப் போடப் போகிறாயா? அவருக்கு இனிப் பேச வாயில்லை என்பதாலா? நாலைந்து முறை அவன் வீட்டுக்குப் போனாயா? அவன் சந்துக்குள் உட்கார்ந்தால் உன் மனம் இளகிவிடும். அவனுக்கு உன்னைத் தெரியும்.

நீ கேட்க மாட்டாய் என்று ஆகிவிட்டது. அதனால் நான் கேட்டுவிட்டேன். நெட்டையனுக்கே கடிதம் போட்டுவிட்டேன், உன்னுடையதோடு ஒரே தபாலில் போகிறது. மறைக்கவில்லை, என்ன எழுதினேன் என்று உனக்கும் சொல்கிறேன். "சுவிட்சைப் போட்டது உன் கை. இப்போது செத்தவன் முதுகிலும், அவன் பெண்டாட்டி பாவாடைக்குப் பின்னாலும் ஒளிகிறாய். நீ ஆம்பிளையாக இருந்தால் எழுந்து நின்று நான்தான் கொன்றேன், வேறு யாருக்கும் பங்கில்லை என்று சொல். அந்தத் தொட்டிக்குள் கிடந்திருக்க வேண்டியது நீ." இன்னும் இருக்கிறது. மீதி உனக்கு வேண்டாம்.

எழுதி முடித்ததும் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன்.

தம்பி


மே 7

தம்பிக்கு,

விசாரணை முடிந்தது.

ஃபேக்டரி கேன்டீனில் மேசைகளை ஒதுக்கி நடத்தினார்கள். ஆய்வாளர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நெட்டை அண்ணன் எழுந்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "தப்பு முழுசா என்னோடது. வேற யாருக்கும் இதுல பங்கில்லை" என்றார். ஒரே பூட்டுப் போடுவது இங்கே வழக்கமா என்று ஆய்வாளரே கேட்டார். கேட்டார், தம்பி. கதவு தானாகத் திறந்தது. "இல்லைங்க. நாங்க ரெண்டு பேர் மட்டும்தான். அவனுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றார். ஃபோர்மேன் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

நான் எழுந்தேன். தெரிந்ததெல்லாம் சொன்னேன். என் குரல் உனக்குத் தெரியும், பின் வரிசைக்குக் கேட்டிருக்காது. "நீங்க உள்ள வேலை பார்த்தவங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ கேள்விப்பட்டதுதானே" என்றார். மற்ற ஃபிட்டர்களைப் பார்த்தேன். ஒருவர் கூட நிமிரவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, வேலை போய்விடும். அவ்வளவுதான். மேனேஜர் எல்லோருக்கும் டீ சொன்னார்.

படியில் வைத்து நெட்டை அண்ணனை நிறுத்தினேன். "ஏண்ணா?" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தார். சாவியை வைத்திருந்த அதே பை. மடித்து மடித்து நைந்துபோயிருந்தது. "தம்பி எழுதினது சரிதாம்மா. நான் ஒளிஞ்சுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். வாசலில் காத்திருந்த போலீஸ் வண்டியில் ஏறும்போது தலை இடித்துவிடக் கூடாதென்று குனிந்தாரே, அது மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

வழக்கு நடக்கும். அவரே ஒத்துக்கொண்டதால் நீளாது என்கிறார்கள். ஃபேக்டரிக்கு ஒன்றுமில்லை. தொட்டி ஓடுகிறது. இன்று காலை கூட ஒருவர் உள்ளே இறங்கியிருப்பார், சுவிட்சில் ஒரே பூட்டு.

இத்தனை நாள் எனக்குக் கோபம் வராது என்று நினைத்திருந்தாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உன் கடிதத்தை அவர் கையில் பார்த்த நிமிடத்தில் வந்த கோபம் உன் அத்தான் செத்த அன்று கூட வரவில்லை. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். நெட்டை அண்ணன் யோசிக்காமல் கையை நீட்டினார், ஒரு உயிர் போயிற்று. நீ யோசித்து, உட்கார்ந்து, தபால் தலை ஒட்டி நீட்டினாய்.

இனிக் கொஞ்ச நாளைக்கு எழுதாதே. நானும் எழுத மாட்டேன்.


மே 26

அக்கா,

எழுதாதே என்றாய். இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்தில் முடிவில் "அக்கா" என்று இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் பார்த்தேன்.

நியாயம் கேட்டேன் என்று நினைத்தேன். இல்லை. யாரையாவது அடிக்க வேண்டியிருந்தது. நடுக்கடலில் நின்றுகொண்டு யாரை அடிப்பது? அத்தானைப் புதைத்த நேரத்தில் நான் இங்கே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், அதிலிருந்து பெட்டியைத் தூக்காத என் தோள் சும்மா இருக்கவில்லை. தாங்குவதற்கு ஒன்றும் கிடைக்காததால் உயிரோடிருந்தவன் மேல் ஏறி மிதித்துவிட்டேன்.

ஒன்று ஞாபகம் வருகிறது. நான் பள்ளிக்கூடம் போகிற வயது. தெருமுனையில் பையன்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். நீ ஓடி வந்து என் முன்னால் நின்றாய். திட்டவில்லை, அடிக்கவில்லை, சும்மா நின்றாய். உன்னைத் தள்ளினார்கள், தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். நீ நகரவில்லை. கடைசியில் அலுத்துப்போய்ப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில், "நீ ஒரு அடி கூட அடிக்கலையே, நமக்கு அவமானம்" என்று உன்னிடம் சண்டை போட்டேன். அன்று என்மேல் ஒரு அடி கூட விழவில்லை என்பது எனக்கு இந்த வாரம்தான் உறைத்தது.

அவர் மனைவிக்கு எழுத வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஆத்திரத்தில் எழுதும்போது வார்த்தை அருவியாகக் கொட்டியது. இப்போது "அண்ணி" என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பி


ஜூலை 9

அக்கா,

இந்தத் துறைமுகத்திலும் உன் கடிதம் இல்லை. எழுத மாட்டேன் என்றால் எழுத மாட்டாய், தெரிந்ததுதான். ஆனாலும் கப்பல் ஏஜென்ட் தபால் கட்டை அவிழ்க்கும்போது முதல் ஆளாகப் போய் நின்றேன்.

அண்ணிக்கு எழுதிவிட்டேன். நான் செய்தது இன்னது என்று மட்டும் எழுதினேன், காரணம் எதுவும் சொல்லவில்லை. பதில் வரவில்லை. வர வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை.

நேற்று ஜெபம் செய்து பார்த்தேன். பழக்கம் விட்டுப்போயிற்று. "ஆண்டவரே" என்று ஆரம்பித்துவிட்டு அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். வெகு நேரம் நின்றிருப்பேன் போலிருக்கிறது, அடுப்பில் இருந்த ரொட்டி முழுக்கக் கருகிவிட்டது. கேப்டன் கத்தினார். இந்த முறை உண்மையாகவே எனக்குக் கோபம் வரவில்லை.

சின்னவளுக்கு என் அன்பு.

தம்பி


செப்டம்பர் 18

தம்பிக்கு உன் அக்கா எழுதுவது.

கடிதத்தின் முதலிலேயே போட்டுவிட்டேன், பின்பக்கம் திருப்பித் தேட வேண்டாம்.

ஏன் இத்தனை நாள் எழுதவில்லை என்று சொல்கிறேன். ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் ஒரு இடம் வருமே, நாங்கள் மன்னிக்கிறது போல எங்களையும் மன்னியும் என்று. அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வேன். சபையே சொல்லும், நான் சொல்ல மாட்டேன். நெட்டை அண்ணனை நினைத்து அந்த வரியை என்னால் எளிதாகச் சொல்ல முடிந்தது. உன்னை நினைத்துச் சொல்ல முடியவில்லை. சின்னவள் கவனித்துவிட்டாள். "அம்மா, அந்த இடத்துல உங்களுக்கு மறந்துபோகுதா?" என்று கேட்டாள். ஆமாம், மறந்துபோகிறது என்றேன். "நான் சத்தமாச் சொல்றேன், நீங்க என் கூடச் சேர்ந்துக்கங்க" என்றாள்.

நெட்டை அண்ணனுக்குத் தண்டனை ஆகிவிட்டது. அவர் மனைவியும் நானும் சேர்ந்துதான் பார்க்கப் போகிறோம். கம்பிக்கு அந்தப் பக்கம் இன்னும் நெட்டையாகத் தெரிகிறார், உடம்பு இளைத்துவிட்டது. உள்ளே சமையல் கட்டில் வேலை கொடுத்திருக்கிறார்களாம். "தம்பிக்கிட்டச் சொல்லுங்க, இப்போ நானும் அவனும் ஒரே வேலை" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. உன் கடிதம் அவர் மனைவிக்கு வந்தது. அவள் இன்னும் பிரிக்கவில்லை, சமையலறை அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். கிழித்துப் போடவில்லை. அவள் சார்பில் உன்னை மன்னிக்க எனக்கு உரிமை கிடையாது. நீயும் அவளை அவசரப்படுத்தாதே.

அப்புறம் ஃபேக்டரி விஷயம். விசாரணை முடிந்ததும் எனக்கு விடுமுறை வருகிற நாளிலெல்லாம் போய் மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கத்தவில்லை, அழவும் இல்லை, தையல் வேலையைக் கையோடு கொண்டு போனேன். முதலில் வாட்ச்மேன் விரட்டினார். பிறகு வெயில் படுகிறதென்று பெஞ்சை நகர்த்திப் போட்டார். ஒரு நாள் மேனேஜர் பொறுக்க முடியாமல் வெளியே வந்தார். "என்னதாம்மா வேணும் உங்களுக்கு?"

"ஆளுக்கொரு பூட்டுங்க."

"அதான் விதியிலயே இருக்கே!"

"சுவத்துல இருக்குங்க. சுவிட்சுல இல்ல."

பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து ஆண்டவரிடம் சண்டை போட்டேன். எனக்கு வாயும் கொடுக்கவில்லை, கேட்க ஆளும் கொடுக்கவில்லை, பிறகு எதற்கு என்னை இதில் இறக்கிவிட்டீர் என்று. அப்படியே விடிந்துவிட்டது. கடைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. வாசலைச் சாத்திப் பூட்டைக் கையில் எடுத்தேன். பூட்டவில்லை, அதைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், இப்போது அந்தத் தொட்டி வேலையைப் பார்க்கிறாரே ஒரு இளம் ஃபிட்டர், அவர் மனைவி கையில் அந்தப் பூட்டை வைத்தேன். அவள் மாசமாக இருக்கிறாள். "இது எங்க வீட்டு வாசல் பூட்டு. உன் வீட்டுக்காரர் உள்ள இறங்குறப்போ, அவரோட ஜோடி பூட்டுப் போட்ட பிறகு, இதையும் போடச் சொல்லு. சாவி அவர்கிட்டயே இருக்கட்டும். ஜோடி கோவிச்சுக்கிட்டா, அந்த அம்மா தொல்லை தாங்கலைன்னு என் பேரைச் சொல்லச் சொல்லு" என்றேன். வேறு எதுவும் பேசவில்லை. அவள் பூட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவள் யாரிடம் என்ன சொன்னாளோ தெரியாது. பெண்கள் ஒவ்வொருவராக வீட்டில் இருந்ததைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சைக்கிள் பூட்டு, டிரங்குப் பெட்டிப் பூட்டு, பள்ளிக்கூடப் பையில் போடுகிற குட்டிப் பூட்டு கூட. விசாரணையில் நிமிராத ஆட்கள்தான் எல்லோரும். ஃபோர்மேன் ஒரு நாள் கடைக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சுவிட்சு இப்போ பூட்டுக் கடை மாதிரி இருக்கும்மா" என்றார். திட்டத்தான் வந்தார் என்று நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார். அந்த இளம் ஃபிட்டர் வேலை முடிந்து வந்து, எதையோ எடுக்க மறுபடி இறங்கியிருக்கிறார். ஜோடி தன் பூட்டை எடுத்துவிட்டான். "நான்தான் இன்னுமான்னு சத்தம் போட்டேன். ஏத்தப் போனான். உங்க பூட்டு தொங்கிச்சு. ஏறலை."

நான் ஸ்தோத்திரம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கடைக்குப் பின்னால் துணிக்கட்டு அடுக்குகிற இடத்துக்குப் போய், வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன். அந்தப் பெண்ணுக்கு மட்டும் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வருகிறாரே என்று பொறாமை. எங்கள் வாசலில் தொங்கிக்கொண்டிருந்த பூட்டுத்தானே. அன்று காலை உன் அத்தான் கையில் அதைக் கொடுத்து அனுப்ப எனக்கு ஏன் தோன்றவில்லை? இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகாது. ஆண்டவர் எடுத்துவிட மாட்டார் என்று நினைக்கிறேன், கூட உட்கார்ந்திருப்பார். இப்போதைக்கு என் நம்பிக்கை அவ்வளவுதான். அதற்கு மேல் இருப்பதாகச் சொன்னால் பொய்.

பூமியைப் பற்றிக் கேட்டாயே. எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆறடி கிடைத்தது, அதில் புல் முளைத்திருக்கிறது. சின்னவளும் நானும் பிடுங்கினோம்.

போன ஞாயிறு ஜெபத்தில் அந்த மன்னிப்பு வரியைச் சொன்னேன். மெதுவாகத்தான். சின்னவள் என் பக்கம் திரும்பி, நான் சொன்னேனா என்று உதட்டையே பார்த்தாள்.

உன் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது இல்லையா? நீ வருகிற நேரத்தில் நான் கடையில் இருப்பேன், அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். வாசலுக்கு இன்னும் வேறு பூட்டு வாங்கவில்லை. திருடன் வந்தாலும் பட்டன் டப்பாதான் கிடைக்கும். நீ வந்து வெளியே நிற்காதே, தட்டவும் தட்டாதே. தள்ளினால் திறக்கும்.

உன் அக்கா